பென்சிலில் எழுதிய உத்தரவு

அன்று நான் அனுப்பிய மூன்று டிரக்குகளும் நேரத்துக்குப் புறப்பட்டன. போன திசைதான் தவறு.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் எனக்கு டிஸ்பாட்ச் வேலை. ஒரு வார விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாள் காலை. மேலாளர் போனில் கூப்பிட்டு, மூன்று லோடையும் வழக்கமான இடத்துக்கே அனுப்பிவிடச் சொன்னார். வழக்கமான இடம் என்றால் எனக்கு நகரத்துக்குத் தெற்கே இருக்கும் பழைய யார்டு. ஒன்றரை வருடமாக அங்கேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் இல்லாத அந்த ஒரு வாரத்தில் வடக்கே புதிதாக ஒரு யார்டு திறந்து, அந்த வாடிக்கையாளரின் லோடெல்லாம் அங்கே போகத் தொடங்கியிருந்தது. அவருக்கு அதற்குள் அது வழக்கமாகிவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்துத் தவறு தெரிந்தது. டிரக்குகளைத் திருப்பி அனுப்பினேன். சரக்கு போய்ச் சேர ஒரு முழு நாள் தாமதம். மறுநாள் கூட்டத்தில் மேலாளர், "நான் தெளிவாகத்தான் சொன்னேன்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அவர் காதுக்கு அது தெளிவாகத்தான் கேட்டிருக்கும். எழுத்தில் எதுவும் இல்லை. என்னை இரவு ஷிப்ட்டுக்கு மாற்றினார்கள்.

விருதுநகரில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, நீ திருப்பிச் சொன்னியா?"

"எதைப்பா?"

"அவர் சொன்னதை. நாங்க அடுத்த ஸ்டேஷன்ல லைன் கிளியர், அதாவது வண்டியை விட அனுமதி, கேட்டா, அந்த ஸ்டேஷன்காரர் ஒரு பிரைவேட் நம்பர் கொடுப்பார். அதைத் திருப்பிச் சொல்லி, ரெஜிஸ்டர்ல நேரம் போட்டு எழுதணும். அப்பத்தான் கொடுத்ததாக் கணக்கு. வெறும் வாய்ச்சொல்லை வச்சு வண்டியை விட முடியாதும்மா."

நான் திருப்பிச் சொல்லவில்லை. அது அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த நான்கு மாதங்கள் எனக்கு வேறொரு வேலைதான் நடந்தது: நடந்ததை எல்லோருக்கும் விளக்குவது. கணவருக்கு, தோழிகளுக்கு, கேண்டீனில் பக்கத்தில் உட்காருபவருக்கு. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு சின்ன விவரம் கூடும், இன்னொன்று உதிரும்.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் எல்லோரும் க்ராஃபர்ட்ஸ்வில்லுக்குப் போனோம். எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரப் பயணம். அங்கே லூ வாலஸ் என்பவரின் படிப்பறை அருங்காட்சியகமாக இருக்கிறது. 'பென்-ஹர்' படத்தின் தேர்ப்பந்தயம் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கதையை 1880-ல் நாவலாக எழுதியவர் இவர். ராணுவத்தில் ஜெனரலாக இருந்தார், ஒரு பிரதேசத்துக்கு ஆளுநராக இருந்தார், உதுமானியப் பேரரசுக்கு அமெரிக்கத் தூதராகவும் போனார் என்பதெல்லாம் அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

செங்கல் கட்டடம், ஒரு கோபுரம், கூரையின் நடுவே வெளிச்சம் இறங்கும் கண்ணாடி. வெளிச்சுவரின் மேல்வரிசையில் அவருடைய நாவல்களில் வரும் மனிதர்களின் முகங்களைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். நான் அவற்றை அதிக நேரம் பார்க்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் நடந்த ஷைலோ போரைப் பற்றி அங்கே வாசித்த சில வரிகள் என்னை நிறுத்திவிட்டன. ஒரு பிற்பகல் முழுக்கத் தவறான சாலையில் படையை நடத்தியதாகப் பழி ஏற்றவர், சாகும்வரை அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் என்றது அது. அன்றிலிருந்து அவர் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். அவரைப் புரிந்துகொள்வதும் எனக்கு நடந்ததைப் புரிந்துகொள்வதும் ஒன்றாகவே நடந்தன.

1827-ல் இண்டியானாவில் பிறந்தவர். அப்பா டேவிட் வாலஸ் பின்னாளில் அந்த மாநிலத்தின் ஆளுநரானவர். பத்தொன்பது வயதில் மெக்சிகோ போருக்குப் போனார், திரும்பி வந்து வழக்கறிஞரானார், மாநில செனட்டில் உட்கார்ந்தார். 1861-ல் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடக்குப் படையில் 11-வது இண்டியானா ரெஜிமெண்டின் கர்னலானார்.

1862 பிப்ரவரி 15 அன்று தெற்குப் படையின் டொனல்சன் கோட்டையில் ஒரு சம்பவம். தலைமைத் தளபதி யுலிசிஸ் கிராண்ட் அந்த நேரத்தில் களத்தில் இல்லை. பக்கத்துப் பிரிவு எதிரியின் தாக்குதலில் நொறுங்கிக்கொண்டிருந்தது. உத்தரவு இல்லாமல் நகரக் கூடாது என்று முதலில் தயங்கிய வாலஸ், பிறகு தன் பொறுப்பிலேயே ஒரு பிரிகேடை அனுப்பினார், மீதிப் படையையும் குறுக்கே நிறுத்தினார். எதிரியின் முன்னேற்றம் அங்கே நின்றது. மறுநாள் கோட்டை சரணடைந்தது. அடுத்த மாதம் அவர் மேஜர் ஜெனரல். வயது 34.

அதற்கு அடுத்த மாதம்தான் ஷைலோ.

டென்னசி ஆற்றங்கரையில் பிட்ஸ்பர்க் லேண்டிங் என்ற படகுத்துறையை ஒட்டி கிராண்டின் படை முகாமிட்டிருந்தது. வாலஸின் பிரிவு மட்டும், 7,000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு, சில மைல் வடக்கே கிரம்ப்ஸ் லேண்டிங் பக்கம் தனியாக இருந்தது. இரண்டு இடத்துக்கும் இடையே இரண்டு வழிகள். ஆற்றை ஒட்டிப் போகும் சாலை நேராகப் படகுத்துறைக்குப் போகும். உள்பக்கமாகப் போகும் ஷன்பைக் என்ற சாலை, படையின் வலக்கோடியில் ஷைலோ தேவாலயத்தருகே இருந்த ஷெர்மன் என்ற தளபதியின் முகாமுக்குப் போகும். சண்டை வந்தால் அந்த வழியாகப் போய் உதவலாம் என்று வாலஸ் அதை முன்பே சீராக்கிவைத்திருந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை விடியலில் எதிரிப்படை பாய்ந்தது. காலை எட்டரை மணியளவில் கிராண்ட் தன் நீராவிப் படகில் அந்த வழியாகப் போகும்போது, தயாராக இருக்கும்படி வாலஸிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த உத்தரவுதான் விஷயம். கிராண்ட் தன் உதவியாளர் ராலின்ஸிடம் வாயால் சொன்னார். ராலின்ஸ் அதைப் பாக்ஸ்டர் என்ற அதிகாரியிடம் சொன்னார். பாக்ஸ்டர் மறந்துவிடாமல் இருக்கப் பென்சிலால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். முற்பகல் பதினொன்றரை மணிவாக்கில் அது வாலஸின் கைக்கு வந்தது. கையெழுத்தில்லாத தாள் அது என்பார் வாலஸ். படித்துவிட்டுத் தன் உதவி அதிகாரியிடம் கொடுத்தார். அன்றைய அமளியில் அது தொலைந்துபோனது.

அந்தத் தாளில் என்ன இருந்தது? படையின் வலப்பக்கத்தோடு போய்ச் சேரும்படி இருந்தது என்று வாலஸ் கடைசிவரை சொன்னார். ஆற்றுச் சாலை வழியாகப் படகுத்துறைக்கு வரச் சொன்னேன் என்று கிராண்ட் சொன்னார்.

'வலப்பக்கம்' என்ற அந்தச் சொல்லில்தான் நான் உட்கார்ந்துவிட்டேன். 'வழக்கமான இடம்' போன்ற சொல் அது. சொல்பவர் எங்கே நிற்கிறார், எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். காலையில் வலப்பக்கம் ஷெர்மனின் முகாம். நண்பகலில் வாலஸ் நடக்கத் தொடங்கியபோதே அந்த முகாம் எதிரியின் கையில். வடக்குப் படை படகுத்துறையை நோக்கிப் பின்வாங்கியிருந்தது. அவர் அதே சாலையில் மேலே போயிருந்தால் எதிரியின் முதுகுக்குப் பின்னால் தன்னந்தனியாகப் போய் நின்றிருப்பார். கிராண்டின் ஆள் ஒருவர் குதிரையில் துரத்தி வந்து சொன்ன பிறகுதான் அது தெரிந்தது.

இப்போது என் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. 'வழக்கமான', 'பழையபடி', 'சீக்கிரம்', 'அந்தப் பக்கம்' என்று யார் சொன்னாலும் உடனே கேட்டுவிடுகிறேன்: எந்த முகவரி, எத்தனை மணி, எந்த வழி. எதற்காக என்பதையும் கேட்கிறேன், ஏனென்றால் நோக்கம் தெரிந்தால் நிலைமை மாறும்போது நாமே சரிசெய்துகொள்ள முடியும். வாலஸுக்கு எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரியாது. போர் நன்றாகப் போகிறது என்றே பாக்ஸ்டர் அவரிடம் சொல்லியிருந்தார். படகுத்துறை பறிபோகும் ஆபத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், சாலை எது என்ற கேள்வியே எழுந்திருக்காது.

அடுத்து நடந்ததை நான் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். படையைத் திருப்ப வேண்டும். நின்ற இடத்திலேயே எல்லோரும் திரும்பினால் கடைசியில் இருப்பவர்கள் முதலாவதாகி, நேரம் மிச்சமாகும். வாலஸ் அப்படிச் செய்யவில்லை. களத்துக்குள் நுழையும்போது குறிப்பிட்ட பிரிகேட்தான் முன்னால் இருக்க வேண்டும் என்று, முன்னணியை வளைத்துத் திருப்பி மொத்த வரிசையையும் அதன் பின்னால் வரச் செய்தார். நேரம் போனது. ஏறத்தாழ 15 மைல் நடந்து, மாலை ஏழு மணியளவில், முதல் நாள் சண்டை ஓய்ந்த பிறகு வந்து சேர்ந்தார்.

நானும் அதையேதான் செய்தேன். அன்று மூன்றாவது டிரக் அப்போதுதான் கிளம்பியிருந்தது, வடக்கு யார்டுக்கு அதுதான் மிக அருகில். ஆனால் இறக்கும் இடத்துக் காகிதங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையில் இருந்தன. அந்த வரிசை குலையக் கூடாது என்று மூன்றாவதை ஓரமாக நிறுத்திவைத்து, முதல் டிரக் திரும்பி வரும்வரை காக்கவைத்தேன். அதில் மட்டும் இரண்டு மணி நேரம் போனது. மேலாளர் சொன்னது தெளிவில்லாமல் இருந்தது உண்மை. ஆனால் இந்த இரண்டு மணி நேரத்துக்கு நான் மட்டுமே பொறுப்பு. நான்கு மாதமாக எல்லோருக்கும் சொன்ன கதையில் இந்த இடத்தை நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாலஸின் விளக்கங்களிலும் சாலையைப் பற்றிய பேச்சே மேலோங்கி நிற்கிறது.

ஷைலோவில் மறுநாள் வாலஸ் நன்றாகவே போரிட்டார், வடக்குப் படை வென்றது. ஆனால் இரண்டு நாளில் இரு தரப்பிலுமாக 23,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தோ காயப்பட்டோ காணாமலோ போயிருந்தார்கள். நாடு அதிர்ந்தது. யாராவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. சில மாதங்களில் வாலஸ் களத்தலைமையை இழந்தார்.

1863-ல் தன் பெயரைத் துடைக்க ராணுவ விசாரணை வேண்டும் என்று அவர் கேட்டார். ஷெர்மன் அவருக்கு வேறொரு யோசனை சொன்னார்: விசாரணையை விட்டுவிடு, மறுபடி களத்துக்குப் போகும் வாய்ப்புக்குக் காத்திரு. வாலஸ் அதைக் கேட்டுக்கொண்டு மனுவைத் திரும்பப் பெற்றார். அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். நானும் ஒரு புகார்க் கடிதம் எழுதிவைத்திருந்தேன். அதை அனுப்பவில்லை. அதற்குப் பதில் நடந்ததை நேர வரிசைப்படி, என் தவறையும் சேர்த்து, ஒரே பக்கத்தில் எழுதித் தேதி போட்டு வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அதை யாரிடமும் வாயால் சொல்லும் தேவை எனக்கு வரவில்லை.

வாலஸுக்கு வாய்ப்பு 1864 ஜூலையில் வந்தது. பால்டிமோரில் அமைதியான பொறுப்பில் இருந்தார். எதிரித் தளபதி ஜூபல் எர்லி சுமார் 14,000 பேரோடு வாஷிங்டனை நோக்கி வருகிறார் என்ற தகவல் ரயில்வே கம்பெனித் தலைவர் ஜான் காரெட் மூலம் கிடைத்தது. (இதைச் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.) மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், கைக்குக் கிடைத்த படையைத் திரட்டிக்கொண்டு மொனாக்கசி ஆற்றங்கரைக்குப் போனார். ரயிலில் வந்து இறங்கிய ஒரு டிவிஷனும் சேர்ந்து மொத்தம் ஏறக்குறைய 6,000 பேர்தான். ஜூலை 9 அன்று பகல் முழுக்கப் போரிட்டுத் தோற்றார். ஆனால் எர்லிக்கு ஒரு நாள் வீணானது. அந்த ஒரு நாளில் தலைநகருக்குத் துணைப்படை வந்து சேர்ந்தது. அந்தத் தோல்வி நாட்டுக்குச் செய்த நன்மையை கிராண்டே பின்னாளில் எழுதி ஒப்புக்கொண்டார்.

உத்தரவு இல்லாமல் தன் கண்ணால் பார்த்து இரண்டு முறை முடிவெடுத்தார், இரண்டும் சரியாக அமைந்தன. உத்தரவை அப்படியே நிறைவேற்றப் போன ஒரு நாள் அவர் பெயரைக் கெடுத்தது. அதற்காக உத்தரவை மீறுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். டொனல்சனிலும் மொனாக்கசியிலும் நிலைமை அவர் கண்முன்னே இருந்தது. ஷைலோவில் அன்று காலை அவர் தூரத்துப் பீரங்கிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னே ஆளனுப்பி, ஷெர்மன் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று பார்த்திருக்கலாம். எனக்கும் புறப்படுமுன் யார்டுக்கு ஒரு போன் போட்டால் போதும், இரண்டு நிமிட வேலை.

போருக்குப் பிறகான வாழ்க்கையில் என் மனத்தில் முள்ளாக இருப்பது நியூ மெக்சிகோ. 1878 முதல் 1881 வரை அங்கே ஆளுநர். லிங்கன் கவுண்டி என்ற மாவட்டத்தில் நடந்த கொலைகளை அடக்குவது அவர் பொறுப்பு. பில்லி த கிட் என்ற இளைஞன் ஒரு கொலையை நேரில் பார்த்திருந்தான். சாட்சி சொன்னால் வழக்கிலிருந்து விலக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று 1879 மார்ச்சில் வாலஸ் அவனுக்குக் கடிதமே எழுதினார், இரவில் ரகசியமாகச் சந்தித்தும் பேசினார். அவன் சாட்சி சொன்னான். மன்னிப்பு வரவில்லை. 1881-ல் சாந்தா ஃபே சிறையிலிருந்து வாலஸுக்குத் திரும்பத் திரும்ப எழுதினான், அந்தப் பழைய கடிதங்கள் தன்னிடம் இருக்கின்றன என்றும் நினைவூட்டினான். பதில் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் அதற்குள் வேறு கொலைகளும் செய்திருந்தான் என்பது உண்மை. ஆனாலும் ஒரு தாளின் அருமை தெரிந்த மனிதர், இன்னொருவன் தாளைக் காட்டிக் கேட்டபோது ஒரு வரி பதில் எழுதியிருக்கலாம். இதில் அவருக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

அதே சாந்தா ஃபேயில்தான் இரவுகளில் உட்கார்ந்து 'பென்-ஹர்' நாவலை எழுதி முடித்தார். கூரையிலிருந்து தற்செயலாக விழுந்த ஒரு ஓடு, கொலை முயற்சி என்ற பழி, அதைச் சுமந்து நடக்கும் ஒருவன். ஷைலோவைச் சுமந்தவருக்கு இந்தக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் ஊகித்துக்கொள்கிறேன்.

1881 முதல் 1885 வரை உதுமானியத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளில் தூதர். சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் நட்பைப் பெற்றார். ஜெருசலேமுக்குப் போய், பார்க்காமலே எழுதிய இடங்களைச் சரிபார்த்தார். இவ்வளவு உயரத்துக்கு வந்த பிறகும், 1884-ல் கிராண்ட் ஷைலோவைப் பற்றி எழுதப்போகிறார் என்று தெரிந்ததும் மறுபடி அவருக்குக் கடிதம் எழுதினார்.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது, ஏப்ரலில் ஷைலோவுக்கே காரில் போனோம். ஒரு நாள் முழுக்கப் பயணம். அப்பா வரைபடத்தைத் தொடையில் விரித்துவைத்து இரண்டு சாலைகளையும் விரலால் அளந்தார். "ரெண்டு பேருமே நல்லவங்கதாம்மா" என்றார். "திருப்பிச் சொல்லச் சொல்லாம அனுப்பினது கிராண்ட் தப்பு. திருப்பிக் கேக்காமக் கிளம்பினது வாலஸ் தப்பு. அந்தச் சீட்டை பத்திரமா வைக்காதது அதைவிடப் பெரிய தப்பு."

திரும்பும் வழியில் சவான்னா என்ற சிற்றூர். அங்கே ஆற்றோரமாக ஒரு வீட்டில், இன்னொரு வாலஸ் இறந்தார். வில்லியம் வாலஸ், உறவுக்காரர் இல்லை, அவரும் வடக்குப் படையின் தளபதி. ஷைலோவின் முதல் நாளில் படுகாயம்பட்டு நான்கு நாள் உயிரோடு இருந்தார். அன்று காலையில்தான் அவர் மனைவி ஆன், கணவரைத் திடீரென்று பார்த்து மகிழ்விக்கலாம் என்று படகில் வந்து இறங்கியிருந்தார். கடைசிவரை பக்கத்தில் இருந்தார்.

கணவரின் தாள்களை அவர் பத்திரப்படுத்தினார். அவற்றுள் ஏப்ரல் 5 தேதியிட்ட ஒரு கடிதம். போருக்கு முந்தைய நாள் லூ வாலஸ் வில்லியமுக்கு எழுதியது. தேவைப்பட்டால் உள்பக்கச் சாலை வழியாக இரண்டு முகாமுக்கும் தொடர்பு வைப்பது பற்றிய ஏற்பாடு. 23 ஆண்டுகள் கழித்து, கிராண்ட் தொண்டைப் புற்றுநோயோடு தன் நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தபோது அதை அனுப்பிவைத்தார் ஆன். கிராண்ட் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். முன்வரிசை இடம் மாறாமல் இருந்திருந்தால் வலப்பக்கத்துக்குப் போக வாலஸ் போன சாலை ஆற்றுச் சாலையைவிடச் சற்றுக் கிட்டத்து வழிதான், தான் எழுதியதை இந்தக் கடிதம் பெரிதும் மாற்றுகிறது என்று. வாலஸைக் குறை சொன்ன பத்தி மேலே அப்படியே நின்றது. 1885 ஜூலையில் கிராண்ட் இறந்துவிட்டார். வாலஸ் 1905-ல் இறந்தார், டொனல்சனில் துணிந்து முடிவெடுத்த அதே பிப்ரவரி 15-ல்.

எனக்கும் ஒரு ஏப்ரல் 5 கடிதம் இருந்தது. அன்று காலை மூன்றாவது டிரக்கின் டிரைவர், புறப்படுமுன், "தெற்கு யார்டுதானே?" என்று செய்தி அனுப்பிக் கேட்டிருந்தார். "ஆமாம், வழக்கமான இடத்துக்கே அனுப்பச் சொன்னார்கள்" என்று மேலாளரின் சொல்லையே பதிலாகப் போட்டிருந்தேன். என் போனில் அது அழிந்துபோயிருந்தது. ஐந்து மாதம் கழித்து அவரே தன் போனில் தேடி எடுத்து எனக்கு அனுப்பினார். அதை மேலாளரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையசைத்தார். கோப்பில் எதுவும் மாறவில்லை, ஆனால் அடுத்த மாதம் பகல் ஷிப்ட் திரும்பக் கிடைத்தது.

சவான்னாவில் அன்று இரவு ஓட்டல் அறையில் அப்பா தூங்கிய பிறகு போனை எடுத்தேன். அந்த டிரைவருக்கு அன்றுவரை நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கவில்லை.